சீடம் கூழாகிவிட்டது, இனி மாடியில் என்ன வைப்பது?

கேள்வி: சார், பழைய வண்ணாரப்பேட்டையில் மாமனார் காலத்து வீடு எங்களுடையது. முன்பக்கம் மெட்ராஸ் டெரஸ். பின்பக்கம் பிறகு எடுத்துக் கட்டிய கான்கிரீட் தளம், 400 சதுர அடி இருக்கும், அதற்குக் கீழேதான் எங்கள் படுக்கையறை. சித்திரை, வைகாசியில் ராத்திரி 11 மணிக்கும் மேலிருந்து அனல் இறங்குகிறது. வெளிநாட்டில் ஒரு ஃபேக்டரிக் கூரை முழுக்க சீடம் என்கிற தடித்த இலைச் செடி பாய் விரித்த மாதிரி படர்ந்திருந்ததை வீடியோவில் பார்த்து, போன ஆடியில் 20 தொட்டி சீடம் வாங்கினேன். ஐப்பசி மழையில் அத்தனையும் கூழாகிவிட்டது. தொட்டியில் வைத்ததுதான் தப்பா? தளத்தின் மேலேயே 4 அங்குலம் மண் கொட்டி நட்டால் பிழைக்குமா? தினமும் தண்ணீர் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியாது. மாமியாருக்கு வடகம் காயவைக்க இடம் விட வேண்டும். வாசல் பக்கம் 3 அடி அகலத்துக்கு ஒரு மண் துண்டும் சும்மா கிடக்கிறது, போர் தண்ணீர் உப்பு. என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, மண் லோடுக்குச் சொல்லி வைத்திருந்தால் முதலில் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

கணக்கைப் பாருங்கள். 400 சதுர அடியில் 4 அங்குலம் மண் என்றால் 133 கன அடி. சாதாரணத் தோட்ட மண் நன்றாக நனைந்தால் லிட்டருக்கு 1.8 முதல் 2 கிலோ வரை நிற்கும். மொத்தம் 7 டன் பக்கம் வருகிறது. படுக்கையறைக்கு மேலே ஒரு மண் லாரியை நிறுத்தி வைத்துவிட்டுத் தூங்குவது போலத்தான். ஆட்கள் ஏறி நடமாடும் மாடிக்கு, தளத்தின் சொந்த எடை போக, சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ சுமை வரும் என்றுதான் இந்தியத் தர விதியில் கணக்கு. சதுர அடிக்குப் பார்த்தால் 14 கிலோ. நீங்கள் கொட்ட நினைக்கும் மண் ஈரத்தில் சதுர அடிக்கு 17 முதல் 19 கிலோ. அதுவும் அந்த 14 கிலோ, ஒழுங்காகக் கணக்குப் போட்டுக் கட்டிய வீட்டுக்கு. மேஸ்திரி கண்ணளவில் கம்பி கட்டிய மாடிகளை நம் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன், அதில் எது எவ்வளவு தாங்கும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூட்டி வந்து காட்டாமல் தளத்தில் மண் பரப்பாதீர்கள்.

முன்பக்க மெட்ராஸ் டெரஸ் பக்கம் தொட்டி, மண், தண்ணீர் எதையும் கொண்டு போகாதீர்கள். அது எப்படிக் கட்டியது என்று தெரிந்தால் நீங்களே போக மாட்டீர்கள். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்த கூரை. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் போட்ட தளங்கள் நூறு வருடம் ஒழுகாமல் நிற்கின்றன. ஆனால் அதற்கு நனைந்தால் காய வேண்டும். மேலே எப்போதும் ஈரம் உட்கார்ந்திருந்தால் கீழே கட்டை முனை சுவருக்குள் போகிற இடத்தில் உளுத்துக்கொண்டே வரும், கரையானும் சேர்ந்துகொள்ளும், வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் மேலிருந்து சுண்ணாம்புப் பொடி கட்டிலில் உதிரும், அப்போதுதான் அண்ணாந்து பார்ப்போம். அந்தப் பக்கம் காய்ந்தபடியே இருக்கட்டும். மாமியாரின் வடகத்துக்கு அதைவிட நல்ல இடம் வேறு இல்லை.

சரி, சீடம் ஏன் செத்தது? தொட்டி மேல் தப்பில்லை. உங்கள் மேலும் பெரிய தப்பில்லை. செடிக்கு ஊர் ஒத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் பார்த்தது அநேகமாக அமெரிக்காவில் டியர்பார்ன் ஊரில் இருக்கும் ஃபோர்டு லாரி ஆலையின் கூரையாக இருக்கும். 2003ல் போட்டது, 10 ஏக்கருக்கு மேல் முழுக்க சீடம். இந்த மெல்லிய பச்சைக் கூரை வித்தையை வளர்த்தெடுத்தவர்கள் ஜெர்மனிக்காரர்கள். அங்கே கூரைக்குப் பயன்படும் சீடம் வகைகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் பாறை இடுக்கிலும் மலைச்சரிவிலும் வளர்கிறவை. பனி தாங்கும், காய்ச்சல் தாங்கும், பகல் வெயிலும் தாங்கும். தாங்காதது நம் ராத்திரியை.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் இனி எந்தச் செடி வாங்கும்போதும் இது உதவும். சாதாரணச் செடி பகலில் இலைத்துளையைத் திறந்து காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுக்கும், எடுக்கும்போதே உள்ளிருக்கும் தண்ணீரும் ஆவியாகிப் போகும். சீடம் மாதிரி சதைப்பற்றுள்ள செடிகள், குறிப்பாகத் தண்ணீர் குறைந்த நேரத்தில், பகலில் கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரி குளிர்ந்ததும் திறந்து காற்றை வாங்கி, அதைப் புளிப்பாக, அதாவது மாலிக் அமிலமாக, இலைக்குள் சேர்த்து வைத்து மறுநாள் வெயிலில் சமைத்துக்கொள்ளும். நம் வாசல்களில் திருஷ்டிக்கு என்று சோற்றுக்கற்றாழையை வேரோடு தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுகிறோமே, மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கிறதே, அது இந்த வித்தையால்தான். (ஐரோப்பாவில் சீடத்தின் உறவுக்காரச் செடி ஒன்றை இடி விழாமல் இருக்க வீட்டுக் கூரையில் வளர்க்கும் வழக்கம் உண்டு. ஊருக்கு ஊர் திருஷ்டிக்குச் சதைச் செடியைத்தான் பிடிக்கிறார்கள், ஏனோ.)

ராத்திரி குளிர வேண்டும் என்பதுதான் இதில் சிக்கல். மே மாதம் சென்னையில் விடியற்காலையில்கூட 28 டிகிரி இருக்கிறது, கூடவே கடல் காற்றின் ஈரம். குளிர்ப் பிரதேசச் சீடம் ராத்திரியும் பகலும் மூச்சுமுட்டி, நோஞ்சானாகிவிடும். அதற்கப்புறம் வடகிழக்குப் பருவமழை. நமக்கு ஒரு வருடத்தில் பெய்யும் சுமார் 1400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. நோஞ்சான் செடி நின்ற ஈரத்தில் எப்படிப் போகும் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்: முதலில் அடி இலை கண்ணாடி மாதிரி ஊடு தெரியும், தொட்டால் தோல் மட்டும் கையோடு வரும், தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் ஒரு கறுப்பு வளையம் விழும், மேலே நுனி பச்சையாகத்தான் இருக்கும், நாமும் பிழைத்துவிடும் என்று நினைத்து இன்னும் ஒரு குவளை ஊற்றுவோம். மறுநாள் புளித்த வாடை.

நானும் இதில் கை சுட்டவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில் வியாசர்பாடியில் ஒரு வீட்டு மாடிக்கு பெங்களூரிலிருந்து சீடம் தட்டுகளாக வரவழைத்து வைத்தேன். தையில் வைத்தது, மாசி, பங்குனியில் போட்டோ எடுக்கிற அழகு. வைகாசியில் நடுவில் சொட்டை விழுந்தது. கார்த்திகையில் வீட்டுக்காரர் கூப்பிட்டு, "தம்பி, வந்து வாரிக்கிட்டு போ" என்றார். காசைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து செங்குன்றத்துக்கு இந்தப் பக்கம் யார் சீடம் கேட்டாலும் ஒரு தொட்டி வாங்கி ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒரு விஷயம். தண்ணீர் கேட்காத செடி அறையைப் பெரிதாகக் குளிர்விக்காது. மரத்தடி ஜில்லென்று இருப்பதில் நிழல் பாதி, இலைகள் விடும் நீராவி மீதி. சதைச் செடி தண்ணீரை விடாமல் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் பிழைக்கிறது, அதனிடம் போய் ஆவியை எதிர்பார்க்க முடியாது. அது கொடுப்பது நிழலும், தளத்துக்கும் வெயிலுக்கும் நடுவே ஒரு மண் போர்வையும்தான். தளம் முழுவதும் மூடினால் அதற்கே பலன் தெரியும். ஆனால் எடைக் கணக்கு உங்களை முழுவதும் மூட விடாது.

அதனால் சூட்டை ஒரு வழியாகவும் பசுமையை வேறு வழியாகவும் பாருங்கள். ராத்திரி 11 மணிக்கு இறங்கும் அனல், பகல் முழுவதும் கான்கிரீட் குடித்து வைத்த வெயில். அதைக் குடிக்கவிடாமல் செய்ய மலிவான வழி வெள்ளை. பங்குனி பிறக்கும்போது தளத்தைக் கூட்டிக் கழுவிவிட்டு, நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பில் கொஞ்சம் பசை கலந்து இரண்டு கை அடியுங்கள், முதல் கை காய்ந்து இரண்டாவது. மழையில் போய்விடும், போகட்டும், அடுத்த பங்குனியில் மறுபடி. வசதியிருந்தால் கூல் ரூஃப் பெயிண்ட் அடிக்கலாம், சில வருடம் வரும். மெட்ராஸ் டெரஸ் பக்கம் மட்டும் அந்த ரப்பர் மாதிரிப் பூச்சுகள் வேண்டாம், சுண்ணாம்புத் தளத்தின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்றுவிடும். அதற்குச் சுண்ணாம்புதான் சொந்தக்காரன். அடிக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் விளையாட்டில்லை.

படுக்கையறைக்கு நேர் மேலே பச்சை நிழல்வலைப் பந்தல் போட்டால் இன்னும் நல்லது. தளத்தில் துளை போடாமல், பழைய பெயிண்ட் டப்பாவில் கான்கிரீட் ஊற்றிச் சவுக்குக் கட்டையை நிறுத்தலாம், கைப்பிடிச் சுவரோடும் இறுக்கிக் கட்டுங்கள். தென்னங்கீற்று இன்னும் ஜில்லென்றிருக்கும்தான், ஆனால் நம் பேட்டையில் தீபாவளி ராக்கெட் எந்த மாடிக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும். வலையையும் புரட்டாசிக் கடைசியில் கழற்றிச் சுருட்டிவிடுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த அன்று தகரமும் வலையும் தொட்டியும் மாடிக்கு மாடி பறந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம்.

இனிச் செடி. உங்கள் மாடிக்கு என் முதல் தேர்வு டேபிள் ரோஸ். பத்து மணிப் பூ என்றும் சொல்கிறார்கள். சிரிக்காதீர்கள். எல்லா வீட்டு வாசலிலும் உடைந்த பக்கெட்டில் இருக்கிற செடிதான், அதனால்தான் சொல்கிறேன். தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா, பிரேசில் பக்கத்துச் செடி, ஆனால் நம் வெயிலுக்குப் பிறந்த மாதிரி வளரும். வெயில் ஏறினால்தான் பூ விரியும், மத்தியானத்துக்கு மேல் மூடிக்கொள்ளும். நிழல் விழுந்தால் பூக்காது, தண்டு மட்டும் நீளும். இந்தக் குடும்பத்துக்கு ஒரு விசேஷம் உண்டு: தண்ணீர் இருக்கும்போது சோளம், கரும்பு போலப் பகலில் வேகமாக வளரும், காய்ந்துபோனால் கற்றாழை போல ராத்திரிக் கணக்குக்கு மாறிக்கொள்ளும். இரண்டு வேலையும் தெரிந்த செடிகள் ரொம்ப அபூர்வம்.

அதன் சொந்தத் தம்பிதான் நாம் கடைந்து சாப்பிடும் பருப்புக்கீரை. சந்தையில் கட்டு வாங்கி இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டை மண்ணில் செருகினால் போதும், வேர் பிடிக்கும். தண்ணீர் விடாமல் வாட விட்ட செடியில் விடிந்ததும் ஓர் இலையும் சாயந்தரம் ஓர் இலையும் பறித்துக் கடித்துப் பாருங்கள், காலை இலை தூக்கலாகப் புளிக்கும். மேலே சொன்ன மாலிக் அமிலம் அதுதான், ராத்திரி சேர்த்தது. இரண்டு எச்சரிக்கை. பருப்புக்கீரை நடுவே அதே மாதிரி தரையோடு படரும் வேறு களைகளும் முளைக்கும். தண்டை ஒடித்துப் பாருங்கள், பால் வந்தால் அது பருப்புக்கீரை இல்லை, பிடுங்கிப் போட்டுவிடுங்கள். சிறுநீரகக் கல் இருக்கிறவர்கள் இந்தக் கீரையை அடிக்கடி சாப்பிட வேண்டாம், ஆக்சலேட் அதிகம். அப்புறம், லாரித் தூசி விழுகிற தெருப்பக்கக் கைப்பிடிச் சுவரோரம் டேபிள் ரோஸையும், உள்பக்கம் கீரையையும் வையுங்கள்.

கற்பூரவல்லி ஒரு மூலையில் இருக்கட்டும், பேரப்பிள்ளைகளுக்கு இருமலுக்கு ஆச்சு. பிரண்டையைக் கைப்பிடிச் சுவரில் படரவிடலாம், அது கேட்காமலே வளரும். துவையலுக்கு இளங்கணுவைக் கிள்ளிக்கொள்ளலாம். வாட்டர் டேங்க் நிழலில் மட்டும் டேபிள் ரோஸ் சரிவராது. அங்கே நர்சரியில் டர்ட்டில் வைன் என்று விற்கும் பொடி இலைக் கொடியை வையுங்கள், மே வெயில் நேராக விழாத இடத்தில் அது பஞ்சு மெத்தை மாதிரி மூடிக்கொள்ளும்.

எதில் நடுவது? காசிமேட்டில் மீன் இறக்கும் பிளாஸ்டிக் கிரேட் பழசாகக் கிடைத்தால் வாங்குங்கள், 2 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம் மாதிரி வருவது. தெர்மாகோல் மீன் பெட்டியும் நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள், எடை குறைவு, அடியில் சூட்டையும் தடுக்கும். ஆனால் வெயிலில் உதிர்ந்து உதிர்ந்து வெள்ளை உருண்டைகள் மழைநீர்க் குழாயை அடைக்கும், காற்றடித்தால் பறக்கும். எனக்குப் பிளாஸ்டிக் கிரேட்தான் பிடிக்கும். உள்ளே நிழல்வலைத் துண்டை விரித்து, அதன் மேல் 3 அங்குலம் மட்டும் கலவை போடுங்கள். 3 அங்குலம் போதும், அதற்கு மேல் ஆழம் கொடுத்தால் ஈரம் தங்கும், எடையும் கூடும்.

கலவையில்தான் உயிர் இருக்கிறது. நீங்கள் வாங்கிய தொட்டிகளில் ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள், கறுப்பாகத் தேங்காய் நார்க்கழிவு மட்டும் இருக்கும். மழை படாத நர்சரிக் கூடாரத்தில் அது சரி, ஐப்பசி மழையில் அது ஈர ஸ்பாஞ்ச். உடைந்த ஓடு அல்லது செங்கல்லை வேர்க்கடலை அளவுக்குத் தட்டி இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, நார்க்கழிவு அரைப் பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. நார்க்கழிவை இரண்டு தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்கவும், அதில் உப்பு உண்டு. கடற்கரை மணல் ஒரு கைப்பிடிகூட வேண்டாம். கையில் ஒரு பிடி நனைந்த கலவையை எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டு விரலைத் திறங்கள்: உருண்டையாக நின்றால் இன்னும் ஓட்டுத் துண்டு போடுங்கள், பொலபொலவென்று உடைந்தால் சரி.

இப்படி ஒரு கிரேட் நனைந்த நிலையில் 25 கிலோவுக்குள் நிற்கும். முதல் வருடம் 12 கிரேட் போதும். மொத்தம் 300 கிலோ, நாலைந்து பேர் மாடியில் நிற்கிற எடை. அதையும் தளத்தின் நடுவில் கும்பலாக வைக்காமல், கீழே சுவர் ஓடும் கோட்டுக்கு மேலே வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் செங்கல் கொடுத்து 2, 3 அங்குலம் தூக்கினால் தளம் காயும், விளக்குமாறு போகும், தண்ணீர் ஓடும். மழைநீர்க் குழாய் வாயைச் சுற்றி 2 அடி காலியாக இருக்க வேண்டும். அடியில் தட்டு வைக்காதீர்கள், தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும், மாநகராட்சி ஆட்கள் வந்து பார்த்தால் அபராதமும் உண்டு. இதெல்லாம் வைப்பதற்கு முன் படுக்கையறையில் படுத்தபடி அண்ணாந்து பாருங்கள். போன மழையின் ஈரத்திட்டோ, உப்பிய பெயிண்டோ, துருக்கறையோ தெரிந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், செடி ஒரு வருடம் காத்திருக்கட்டும்.

நடவு பொங்கல் முடிந்ததும். டேபிள் ரோஸ் குச்சியை விரல் நீளத்துக்கு ஒடித்து, கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு, ஒரு நாள் நிழலில் போட்டு வெட்டுவாயைக் காயவிட்டு, ஒரு கிரேட்டுக்கு 15, 20 என்று செருகுங்கள். செருகிய அன்றைக்குத் தண்ணீர் ஊற்றும் கை சும்மா இருக்காது, இரண்டு நாள் கட்டி வையுங்கள். பங்குனிக்குள் மூடிவிட்டால் கத்திரியைத் தாண்டிவிடும். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, தெருவில் நாலு வீட்டில் கேட்டால் நாலு நிறம் கிடைக்கும்.

தண்ணீர் விஷயத்தில் நர்சரிக்காரர்கள் சொல்வது முழு உண்மையில்லை. 3 அங்குல மண்ணில் 40 டிகிரி வெயிலில் நிற்கும் செடிக்கு, அது எந்தச் செடியானாலும், ஏதாவது வேண்டும். மே, ஜூனில் வாரம் இரண்டு முறை, கிரேட்டுக்கு 2 லிட்டர். 12 கிரேட்டுக்கு ஒரு தடவைக்கு இரண்டு குடத்துக்குள் முடிந்துவிடும். ஏசி இருந்தால் அந்தக் குழாயை ஒரு வாளியில் விடுங்கள், நம் ஊர் ஈரக் காற்றில் ஒரு ராத்திரிக்கே நிறையச் சேரும், உப்பில்லாத தண்ணீர், டேபிள் ரோஸுக்கு அமிர்தம். போர் தண்ணீரை மாடிக்கு ஏற்றாதீர்கள், ஆழமில்லாத தட்டில் உப்பு படிந்து இரண்டே மாதத்தில் இலை ஓரம் கருகும். மீன் கழுவிய தண்ணீர் ரோஜாவுக்கு நல்லது என்று ஊற்றுவார்கள், இதற்கு வேண்டாம். எறும்பு, பூனை, காக்கா மூன்றையும் நீங்களே கூப்பிட்ட மாதிரி ஆகும்.

மழைக்காலத்தில் டேபிள் ரோஸும் ஓரளவு அழுகும், இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. புரட்டாசியில் எல்லா நிறத்திலும் பத்துப் பத்துக் குச்சி ஒடித்து ஒரு சின்னத் தொட்டியில் சஜ்ஜாவுக்குக் கீழே, மழை படாமல் வெளிச்சம் படும் இடத்தில் காப்பாற்றி வையுங்கள். மேலே இருப்பதைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். தையில் அந்தச் சின்னத் தொட்டியிலிருந்து மறுபடி. வருடாவருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, அவ்வளவுதான். இடையில் இலைக்கணுவில் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயும் துளி சோப்பும் தண்ணீரில் கலந்து சாயந்தரம் அடியுங்கள். வெயிலில் அடித்தால் பூச்சியோடு இலையும் வெந்துவிடும்.

வாசல் துண்டுக்கு வருகிறேன். உப்புத் தண்ணீர் என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள், அதற்கென்றே ஒரு செடி இருக்கிறது. எண்ணூர் முகத்துவாரம் பக்கம் உப்புச் சேற்றின் ஓரத்தில் சிவப்புத் தண்டோடு, தடித்த நீள இலையோடு, சின்ன ஊதாரோஜா நட்சத்திரப் பூவோடு படர்ந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். நர்சரியில் செசுவியம் என்று கேளுங்கள். கடல் தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில் வாழ்கிற செடி, உப்பை இலைக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும், வாயில் போட்டால் கரிக்கும். உங்கள் போர் தண்ணீர், ஆர்ஓ மெஷினிலிருந்து வடியும் கழிவுத் தண்ணீர் இரண்டையும் இதற்கு விடலாம். அடிக்கு ஒரு துண்டு நட்டால் ஒரு வருடத்துக்குள் தரை தெரியாது. பாதை பக்கம் வந்தால் கத்தரியால் வெட்டிவிடுங்கள். ஒன்றே ஒன்று, ட்ரெயினேஜ் மூடிக்கு மேல் படரவிடாதீர்கள், அடைப்பெடுக்க வருகிறவர் மண்வெட்டியால் மொத்தத்தையும் கிளறிவிட்டுப் போவார். சுவர் நிழல் விழும் ஓரத்துக்கு மருளும், அடியில் ஊதா இலையோடு வரும் ரோயோவும் போதும். மழையில் பெரிய ஆப்பிரிக்க நத்தை வந்தால் கையில் உறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள், அந்த வாளியைச் செடியில் கவிழ்க்காமல் இருந்தால் சரி.

அந்த 20 தொட்டிகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அழுகிய மண்ணை மெட்ராஸ் டெரஸில் அல்ல, வாசலில் சாக்கு விரித்துப் பத்து நாள் வெயிலில் காயவைத்தால் வாசல் துண்டுக்குக் கொட்டலாம். ஏதாவது தொட்டியில் ஒரு நுனி இன்னும் பச்சையாக, கெட்டியாக நின்றால் அதைக் கறுப்பு வளையத்துக்கு மேலே வெட்டி, இரண்டு நாள் காயவிட்டு, வெறும் ஓட்டுத் துண்டில் செருகி, கிழக்குப் பார்த்த ஜன்னலில் வையுங்கள். தை மாதக் குளிரில் துளிர்க்கலாம்.